பழைய செயின் லோடர் திரும்ப மறுக்கிறதா? பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய செயின் லோடர் (டயருக்குப் பதில் செயினில் ஓடும், முன்னால் பக்கெட் உள்ள மண் அள்ளும் வண்டி) ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடலை மிதித்தும் திரும்பாமல் நேராகவே போனாலோ, உடனே "கிளட்ச் போச்சு, இறக்கு" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். கிளட்சை இறக்குவது நாள் கணக்கில் இழுக்கும் வேலை. பாதி நேரம் கோளாறு லிங்கேஜிலோ (பெடலையும் லீவரையும் கிளட்சோடு இணைக்கும் கம்பிகள்) ஆயிலிலோதான் இருக்கும். அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கும் வழியை முதலில் சொல்கிறேன்.

இது கேட்டர்பில்லர் 955எல், 977 மாதிரி ஸ்டீயரிங் கிளட்சும் பேண்டு பிரேக்கும் உள்ள வண்டிகளுக்கு. 1981-ல் வந்த 973 போன்ற ஹைட்ரோஸ்டாட்டிக் (ஆயில் அழுத்தத்தால் செயினை ஓட்டும்) வண்டி உங்களிடம் இருந்தால் இது உதவாது, அதில் ஸ்டீயரிங் கிளட்சே கிடையாது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தி பெவல் கியர் வழியாகக் குறுக்கு ஷாஃப்டுக்குப் போகிறது, அதன் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கிளட்ச், கிளட்சின் வெளி டிரம்மைச் சுற்றி பிரேக் பேண்டு, அதற்கு அப்பால் ஃபைனல் டிரைவ் (வேகத்தைக் குறைக்கும் கடைசிக் கியர்கள்), ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), செயின். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கிளட்சை விடுவிக்கிறோம், அந்தச் செயினுக்குச் சக்தி நின்றுவிடும், வலது செயின் மட்டும் தள்ளும். இன்னும் இறுக்கமாகத் திரும்ப அதே பக்கம் பிரேக். சில மாடல்களில் லீவர் தனி, பெடல் தனி. சிலவற்றில் ஒரே பெடல்தான், பாதி மிதித்தால் கிளட்ச், மேலும் மிதித்தால் பிரேக். காரில் இரண்டு பக்கச் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இங்கே கிடையாது, இரண்டு செயினும் ஒரே ஷாஃப்டில் சுற்றுகின்றன. இதை மறக்காதீர்கள், கீழே இதை வைத்துத்தான் சோதிக்கப்போகிறோம்.

படி 1: இடம். சமதளம் வேண்டும், சரிவில் வேண்டவே வேண்டாம். சுற்றி ஆள் இருக்கக்கூடாது. அடியில் கை வைக்கும் வேலைக்கெல்லாம் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகுதான்.

படி 2: கிளட்ச் விடுபடுகிறதா? முதல் கியரில், குறைந்த ரேஸில் மெதுவாக நகர்த்தி, ஒரு பக்கக் கிளட்சை மட்டும் விடுவியுங்கள். வண்டி மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்து போக வேண்டும். அப்புறம் அதே பக்கம் பிரேக்கையும் கொடுங்கள். இரண்டு விதமாகத் தவறலாம். வண்டி திரும்பாமல் இன்ஜின் முக்கி, மொத்த வண்டியும் நிற்கப் பார்த்தால் பிரேக் பிடிக்கிறது, கிளட்ச் விடுபடவில்லை. இன்ஜின் முக்காமல், வண்டி அகலமாக வட்டமடித்துத் திரும்பி, உள்பக்கச் செயினும் மெதுவாக உருண்டுகொண்டே இருந்தால் கிளட்ச் சரி, பிரேக்தான் வலுவிழந்திருக்கிறது. பாதிக் குழப்பம் இந்த ஒரு சோதனையிலேயே தீரும்.

படி 3: கிளட்ச் நழுவுகிறதா? பக்கெட்டை ஒரு மண்மேட்டில் குத்தி முதல் கியரில் தள்ளுங்கள். டிஃபரன்ஷியல் இல்லாததால் இரண்டு செயினும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒன்று நின்று மற்றது மண்ணைக் கிளறினால், நின்ற பக்கத்துக் கிளட்ச் நழுவுகிறது. தரை வழுக்கல் என்று சாக்குச் சொல்ல இதில் வழியில்லை. ரொம்ப நேரம் தள்ளாதீர்கள், கிளட்ச் டிஸ்க்கின் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் மேற்பரப்பு) கருகும்.

புதிதாக ஓட்டுபவர்களைப் பயமுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. இறக்கத்தில் இன்ஜின் பிடியில் இறங்கும்போது இடது கிளட்சை மட்டும் விடுவித்தால் வண்டி வலது பக்கம் போகும். கோளாறு இல்லை. இன்ஜின் பிடியிலிருந்து விடுபட்ட இடது செயின் முந்திக்கொண்டு உருள்கிறது, அவ்வளவுதான்.

படி 4: காரணம் தேடுவது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கக் கிளட்ச் நழுவலாம், பிரேக் பேண்டு உரசலாம், அந்தப் பக்கச் செயின் அதிக டைட்டாகவும் இருக்கலாம். முதலில் செயினைப் பாருங்கள், செலவில்லாத வேலை. பெரும்பாலான வண்டிகளுக்கு 25 முதல் 40 மி.மீ. வரை தொய்வு சரி.

கிளட்ச் நழுவினால் லிங்கேஜில் ஃப்ரீ பிளே (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடலோ லீவரோ சும்மா நகரும் தூரம்) இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் டிஸ்க் தேயத் தேய இந்த பிளே குறைந்துகொண்டே வரும், முழுசாகப் போய்விட்டால் யாரும் தொடாமலே கிளட்ச் அரைகுறையாக விடுபட்டு நிற்கும். மேனுவலில் சொன்ன அளவுக்கு வைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அட்ஜஸ்ட்மென்ட் தீர்ந்தும் நழுவினால்தான் டிஸ்க் மாற்றும் பேச்சு.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கெட்டால் கிளட்சைச் சந்தேகிக்காதீர்கள். ஹைட்ராலிக் உதவி உள்ள வண்டியில் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப் என்று பொதுவான இடத்தில் தேடுங்கள்.

ட்ரை கிளட்ச் (ஆயில் இல்லாமல் உலர்ந்து ஓடும் கிளட்ச்) வண்டி மழையில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் டிஸ்க்குகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வண்டியை நன்றாகச் சூடாக்கி, திறந்தவெளியில் கிளட்சை விடுவித்த நிலையிலேயே முன்னும் பின்னும் ஓட்டி, நடுநடுவே அந்தப் பக்கப் பிரேக்கைச் சட்டென்று கொடுங்கள். பல சமயம் பிரிந்துவிடும்.

படி 5: ஆயில். ட்ரை டைப்பில் கிளட்ச் அறைக்கு அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். சில சொட்டுகள் என்றால் பரவாயில்லை. ஓடி வந்தால் எங்கோ சீல் போயிருக்கிறது. எந்த சீல்? பெவல் கியர் பக்கமும் ஃபைனல் டிரைவ் பக்கமும் ஆயில் அளவைப் பாருங்கள், எது குறைகிறதோ அந்தப் பக்கம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினால் கொஞ்ச நாள் ஓடும், சீலை மாற்றாதவரை திரும்பவும் வரும். பெட்ரோல் ஊற்றும் யோசனையே வேண்டாம், தீ பிடிக்கும். வெட் டைப் என்றால் ஆயில் இருப்பதுதான் முறை, ஆனால் கண்ட ஆயிலை ஊற்றினால் நல்ல கிளட்சும் நழுவும்.

படி 6: பிரேக். பேண்டை டிரம்மில் படும்வரை இறுக்கி, மேனுவல் சொன்ன அளவு தளர்த்துவதுதான் பொதுவான முறை. அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், வேறு வண்டிக்காரர் சொன்ன கணக்கை வைக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிளட்சையும் பிரேக்கையும் ஒரே மூச்சில் மாற்றி வைத்தால் எது சரிசெய்தது என்றே தெரியாது. ஒன்றை வைத்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது.

வைத்து முடித்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் நேராக ஓட்டிவிட்டு, நிறுத்தி, இரண்டு பக்கக் கேசிங்கின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளங்கையை அப்படியே வைக்காமல், முதலில் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேண்டு உரசுகிறது, இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.