சரிவில் புல் விதைக்கிறீர்களா? முதலில் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் தரைவீட்டுத் தோட்டச் சரிவு என்றால் பெரும்பாலும் வீட்டுச் சுவரிலிருந்து மழைநீர்க் கால்வாய் நோக்கி இறங்கும் ஒரு துண்டு நிலம்தான். அதில் விதை தூவி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மேற்பாதி மொட்டையாக இருக்கும், கால்வாயோரம் மட்டும் கொத்துக் கொத்தாகப் புல் முளைத்திருக்கும். விதை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. விதை முளைத்துத்தான் இருக்கிறது, நாம் போட்ட இடத்தில் இல்லை.

தட்டையான தரையில் புல் விதைக்கும்போது ஈரம் போதுமா என்பதுதான் கவலை. சரிவில் ஈரத்தைவிட ஓட்டம்தான் பெரிய பிரச்சினை. அதனால் விதை வாங்கும் முன்பே ஒரு நல்ல மழையில் குடையோடு நின்று பாருங்கள். கூரைக் குழாயின் தண்ணீர் சரிவின் தலையில் கொட்டுகிறதா? கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்திலிருந்து வழிகிறதா? அதை வேறு பக்கம் திருப்பாமல் எத்தனை முறை விதைத்தாலும் வீண்தான். அடித்துப் போகும் மண் கால்வாயை அடைக்கும். சரிவின் அடியில் குட்டையாகத் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசுவுக்கு இடம் கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

அடுத்தது காலம். தீபாவளிக்குள் வாசல் பச்சையாகிவிட வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அரை மணி நேரத்தில் சரிவையே கழுவிவிடும். அது ஓய்வதற்குள் டிசம்பர், ஜனவரியின் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். என்னைக் கேட்டால் பிப்ரவரி நல்லது. வெயில் காயும், தினமும் தண்ணீர் விட வேண்டியிருக்கும், சரி. ஆனால் குழாய் நம் கையில் இருக்கிறது. ஏப்ரலில் இடிமழை திரும்புவதற்குள் வேரும் பிடித்திருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரையிலும் விதைக்கலாம், ஆனால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றுமழையை எதிர்பார்த்திருங்கள்.

விதைத் தேர்வில் நடக்கும் தவறு எளிமையானது. இணையத்தில் அழகான படத்தோடு விற்கும் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் எல்லாம் குளிர்நாட்டுப் புல். முளைக்கும், பிறகு நம் வெக்கையில் கருகும். முழு வெயில் படும் சரிவுக்குப் பெர்முடா பொருந்தும். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதுவும் ஒரே இனம்தான். சற்று நிழல் இருந்தால் எங்கும் பார்க்கும் கவ் கிராஸ் நல்லது. சிக்லாப் புல் வேண்டுமென்றால் விதையைத் தேடி அலையாமல், வேரும் மண்ணுமாக வெட்டி விற்கும் பாளமாகவே வாங்கிவிடுங்கள்.

இனி மண் வேலை. இங்கேதான் அதிகம் கெடுகிறது. இறுகிய களிமண்ணின் மேல் அப்படியே விதையைத் தூவினால் அது வழுக்கிப் போகும். மேல் மண்ணைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, கம்போஸ்ட் கலந்து, லேசாக அமுக்கிவிட வேண்டும். அப்புறம் ரேக், அதாவது மண்ணை வாரும் பல்வாரி. கீழே நின்றுகொண்டு மேலிருந்து கீழாக இழுப்பதுதான் எல்லோருக்கும் வசதி. ஆனால் அப்படி இழுத்த ஒவ்வொரு கோடும் தண்ணீருக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். சரிவுக்குக் குறுக்காகவே இழுங்கள், கோடுகள் விதையைத் தாங்கிப் பிடிக்கும். பெர்முடா விதைக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும். மேலே மண் மூடுவதும் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

விதைத்த பிறகு தென்னை நார் வலை விரிக்காமல் விடுவது பெரிய தவறு. விரித்தும் சரியாகப் பதிக்காமல் விடுவது அதைவிட மோசம், ஏனென்றால் வலைக்கு அடியிலேயே தண்ணீர் ஓடி மண்ணை அரித்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. மேல் ஓரத்தைச் சிறு பள்ளம் தோண்டிப் புதைத்து, வலை மண்ணோடு ஒட்டியிருக்கும்படி முளைக்குச்சிகளை நெருக்கமாக அடியுங்கள். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஓடு வேய்வதுபோல் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் படிய வேண்டும். மைனாவும் புறாவும் விதையைப் பொறுக்காமலிருக்கவும் வலை உதவும்.

தண்ணீரைக் குழாய் முனையிலிருந்து பீய்ச்சாதீர்கள். மெல்லிய தூறலாக, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வழிந்தோடத் தொடங்கும் முன் நிறுத்தும் அளவுக்கு விடுங்கள். மேற்பகுதி சீக்கிரம் காயும் என்பதால் அதற்கு ஒரு சுற்று கூடுதல். உரம் அவசரமில்லை, முதல் வெட்டு வரை பொறுக்கலாம்.

மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவா, அல்லது அதைவிடச் செங்குத்தா? விதையை மறந்துவிடுங்கள். புல் பாளங்களைச் சரிவுக்குக் குறுக்காக, இணைப்புகள் நேர்க்கோட்டில் வராதபடி மாற்றி அடுக்கி, மூங்கில் முளை அடித்து நிறுத்துங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஓரத்துச் சரிவு என்றால் அது நகர மன்றத்தின் வேலை, நாமே மண்வெட்டியோடு இறங்கக் கூடாது.