அப்பாவின் கல்வெட்டு: அந்தியேட்டிக்கு முன் எழுதி முடிக்கும் முறை

இலங்கையின் வடக்கே, வன்னியில் போரால் இடம்பெயராத குடும்பம் அரிது. கலியாணப் படம், பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணிப் பத்திரம் என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏதோ ஒன்று விடுபட்டுப் போனது. கணவனாக, தகப்பனாக, அப்பப்பாவாக, அம்மப்பாவாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பல வீடுகளில் எழுத்தில் எஞ்சப்போவது 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், ஒன்றுதான். அதிலும் ‘பண்பாளர், எளிமையானவர், பாசமிக்கவர்’ என்று எல்லா வீட்டுக்கும் பொதுவான வரிகளே இருந்தால், நாளைக்கு அதை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அவரைத் தெரியவராது. அவர் என்ன செய்தார், எங்கே, எப்போது, யாரோடு என்பதைத் தேடி எழுதுங்கள்.

நாட்கணக்கு இறுக்கமானது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் தூரத்துச் சொந்தங்களும் புறப்பட்டுவிடுவார்கள். ஆகவே அந்த எட்டு நாளுக்குள் வயதானவர்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். வீட்டில் எழுத்துத் தெளிவான ஒருவரிடம் கொப்பியைக் கொடுத்து, இன்னொருவர் போனில் குரலைப் பதியட்டும். 15ஆம் நாளுக்குள் எழுத்து முடிந்து, 18ஆம் நாள் அச்சகத்துக்குப் போனால், பிழை திருத்த ஒரு வாரம் கிடைக்கும். முடியாது என்று தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். 31க்குப் படமும், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும், தேவாரமும் கொண்ட நாலு பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, முழு மலரை ஆண்டு நிறைவில் வரும் ஆட்டத் திவசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிழையோடு அச்சான 300 பிரதியைத் திருப்பி வாங்க முடியாது.

கேட்கும் விதம்

‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். சாதாரண நாளைப் பற்றிக் கேளுங்கள். விடிய எழும்பினால் முதல் வேலை என்ன? வயல் எந்தக் குளத்துக்குக் கீழே, எந்த வாய்க்காலில், எத்தனை ஏக்கர்? காலபோகத்துக்கு என்ன நெல் போட்டார், சிறுபோகத்தில் தண்ணீர் காணாவிட்டால் என்ன செய்தார்? சூடு அடிக்க மாடு வைத்திருந்தாரா, உழவு இயந்திரம் எப்போது வந்தது? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டி கட்டினாரா, நடந்தாரா? யாருக்குக் கடன் கொடுத்துக் கேட்காமல் விட்டார்? இப்படிக் கேட்டால் பதிலுக்குள் ஆள் தானே வந்து நிற்பார்.

அம்மாவிடம் ஆட்கள் நிறைந்த முற்றத்தில் வைத்துக் கேட்காதீர்கள். எட்டுச் செலவுக்குப் பிறகு, ஒரு பின்னேரத்தில், ஒரு மகளோ மருமகளோ மட்டும் கூட இருக்க, அரை மணித்தியாலம் போதும். அழுதால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடரலாம். கலியாணம் பேசி வந்தது, முதல் குடியிருந்த கொட்டில், பிள்ளைப்பேற்று நேரம் அவர் எங்கே நின்றார், அம்மா வருத்தமாகக் கிடந்தபோது யார் சமைத்தது என்று கேட்டால், ‘அன்புக் கணவர்’ என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்பது தெரியும்.

பேரப்பிள்ளைகளிடம் கட்டுரை கேட்க வேண்டாம். ஆளுக்கு ஒரே ஒரு விசயம், மூன்று வரிக்குள். ‘சைக்கிள் பாரில் துவாய் சுற்றி இருத்திக்கொண்டு போவார்’ என்று சின்னது சொல்வதை அப்படியே போடுங்கள். பெரியவர்கள் அதைத் திருத்திச் செந்தமிழாக்கினால் குழந்தையின் குரல் போய்விடும்.

ஆண்டு மறந்தவர்களுக்கு

வயதானவர்கள் ஆண்டைச் சொல்லமாட்டார்கள், நிகழ்வைச் சொல்வார்கள். 1964 டிசம்பர்ப் புயல், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது, 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது, 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 மேயில் போர் முடிந்தது, முகாம், மீள்குடியேற்றம் என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். ‘வீடு கட்டினது புயலுக்கு முந்தியோ பிந்தியோ?’ என்று கேட்டால் ஆண்டு ஏறக்குறையப் பிடிபடும். பிடிபடாததற்கு ‘அறுபதுகளின் நடுப்பகுதியில்’ என்று எழுதலாம். ஊகித்த திகதியைப் போட வேண்டாம்.

பிறந்த திகதிக்கு ஒரு வழி உண்டு. பழைய அடையாள அட்டை தொலைந்திருந்தாலும் இலக்கம் எங்காவது எழுதியிருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ண வேண்டும். 47135 என்று தொடங்கினால் 1947 மே 14. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆனால் பிந்திப் பதிந்தவர்களுக்கு அட்டைத் திகதியும் உண்மையான பிறப்பும் வேறாக இருக்கலாம். சாதகக் குறிப்பு இருந்தால் ஒப்பிடுங்கள். காணி, பாடசாலை விபரங்களுக்குப் பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், அவர் படித்த பாடசாலையின் சேர்வு இடாப்பு ஆகியவற்றில் கேட்டுப் பார்க்கலாம். இந்த இலக்கங்களைக் குறிப்புக்கு மட்டும் வைத்திருங்கள். அடையாள அட்டை இலக்கமும் வங்கிப் புத்தகமும் கல்வெட்டில் அச்சாகக் கூடாது.

திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி, பெயர் எல்லாம் நாலு அடிக்குள் வரும். உயிர் பிரிந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு குறித்து ஐயரிடம் கொடுங்கள். நள்ளிரவு தாண்டி இறந்தவருக்கு ஆங்கிலத் திகதி மாறியிருக்கும், பஞ்சாங்க நாள் சூரிய உதயம்வரை மாறாது. பிழை அதிகம் நேர்வது இங்கேதான். வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் ஒன்றாக முடிவு செய்யுங்கள், இரண்டிலும் திதி தொடங்கும் நேரம் வேறுபடும். தமிழ் ஆண்டு சித்திரையில் மாறுவதால், 1947 பெப்ரவரியில் பிறந்தவருக்கு விய வருடம், மே மாதத்தவருக்குச் சர்வசித்து.

தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் ஆகியவற்றை இன்னொரு கல்வெட்டைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒன்றிலுள்ள பிழை அடுத்ததற்கும் அப்படியே போகும். அச்சிட்ட திருமுறையைப் பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்தப் பக்கங்களில் செபங்களைச் சேர்க்கலாம், மற்றதெல்லாம் ஒன்றே.

பெயர்கள்

சண்டை வருவது பெயர்ப் பட்டியலில். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள், சகோதரங்கள், மைத்துனர்மார் எல்லாரையும் வயது வரிசையில் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பகுதியை அனுப்பி, எழுத்துக்கூட்டலை உறுதி செய்யுங்கள். போரில் இழந்த பிள்ளையின் பெயர் விடுபடக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை இருந்தால், பெயருக்கு முன்னால் ‘அமரர்’, ‘காலஞ்சென்ற’ என்று யாரும் தாமாகப் போடவே கூடாது. தாயிடம் கேட்டு, அவர் சொன்னபடி மட்டும் போடுங்கள். அவர் அந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு வெறும் பெயராக எழுதச் சொன்னால், அதுவே சரி.

படமும் அச்சும்

பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்க வேண்டாம், முகம் பிய்ந்துவிடும். கண்ணாடியைத் துடைத்து, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கலாம். அடையாள அட்டை அளவுப் படம் மட்டுமே இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். இரண்டு மடங்கு பெருப்பித்தாலும் 300 டிபிஐ நிற்கும். அதற்கு மேல் முகம் மங்கும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, டொக்கியுமென்ராக அனுப்பச் சொல்லுங்கள்.

ஏ5 அளவு, நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும். 24 பக்கம் நல்ல அளவு. அதில் 12ஆம் 13ஆம் பக்கங்கள் ஒரே தாளில் விரிவதால் வம்சாவளியை அங்கே வையுங்கள், கோடு முறியாது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 180 சொல் கொள்ளும் என்பதால், வாழ்க்கை வரலாற்றுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கினால் 1,400 சொல்லுக்குள் எழுத வேண்டும். போனில் ரைப் செய்த யுனிகோட் எழுத்தை அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், சில எழுத்து விழுந்துபோகும். எனவே திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல், தாளில் அச்சிட்ட பிரதியை வாங்கி, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்க்கட்டும். பெயரும் திகதியும் இரண்டாம் முறை தனியாகப் பார்க்கப்பட வேண்டும்.

அச்சானதும் பி.டி.எவ். கோப்பையும் மூலப் படங்களையும் அச்சகத்திடமிருந்து வாங்கி, குறைந்தது மூன்று வீட்டில், ஒன்று நாட்டுக்கு வெளியே, இருக்கச் செய்யுங்கள். நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. குடும்பம் சம்மதித்தால் அங்கே ஒரு பிரதியும், அவர் படித்த பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுங்கள்.