வலி நின்றால் வேலை முடிந்ததா? ரூட் கெனாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பல்வலியை விளக்க வேண்டியதில்லை. படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசிவிட்டு அடங்காது, வலி பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். இப்படியே நாலைந்து நாள். அப்புறம் ஒரு காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை. "தானாகச் சரியாகிவிட்டது" என்று டாக்டரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிடுவோம். நானும் செய்தேன். ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன திசுவை எடுத்து வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை விஷயத்தில், முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்.

பல்லின் நடுவே, கெட்டியான சுவர்களுக்குள், கூழ் போன்ற ஒரு திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாய்களும் அதற்குள்தான். சொத்தை அதுவரை போய்விட்டால் அந்தக் கூழ் வீங்கும். வீங்க இடமில்லாததால்தான் அத்தனை வலி. சில நாட்களிலோ வாரங்களிலோ கூழ் செத்துப்போகிறது. நரம்பு செத்த பிறகு வலியை யார் சொல்வது? கிருமிகள் மட்டும் உள்ளேயே இருந்து, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குப் போகின்றன. எனக்கு மூன்று மாதம் கழித்து ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வந்தது. உடையும், வாயில் உப்புக் கரிக்கும், மறையும், மறுபடி வரும். சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டதால் வலியே இல்லை. "வலிக்கவில்லையே, அப்புறம் என்ன?" என்று மேலும் ஒரு மாதம் ஓட்டினேன்.

இந்த இடைவெளியில் பலரும் செய்வது, கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது. மருந்து ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. செத்த கூழில் ரத்த ஓட்டமே கிடையாது என்றால் மருந்து எப்படி அங்கே போய்ச் சேரும்? உடல்நலமுள்ள பெரியவர்களுக்குப் பல் சிகிச்சை உடனே கிடைக்கும் என்றால், வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. காய்ச்சல், பரவும் வீக்கம் என்று வந்தால் கதை வேறு. தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்குகிறது, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருக்கிறது என்றால், அது பல் டாக்டரிடம் நாளைக்குப் போகலாம் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை. அந்த நிமிடமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்புறம், வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைக்காதீர்கள். ஈறு வெந்து வெளுத்துப்போகும். பல்வலியோடு புண் வலியும் சேரும்.

சரி, சிகிச்சைக்குப் போகிறோம். பயத்தில் வெறும் வயிற்றோடு போகிறவர்கள் உண்டு. தேவையில்லை. மரத்துப்போக ஊசி மட்டும்தான் போடப் போகிறார்கள் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. நிறுத்தாமல் போய், டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, செயற்கை இதய வால்வு எல்லாவற்றையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நாம் செய்யும் தவறு, பொறுத்துக்கொள்வது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால் அங்கே அதுவும் முடியாது! வீங்கிச் சிவந்த திசுவில் மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. அதிலும் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒரே ஊசியில் அடங்காமல் போவது சகஜம். டாக்டருக்கு இது தெரியும். உங்களுக்கு வலிக்கிறது என்பது மட்டும் நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே "வலித்தால் இடது கையைத் தூக்குகிறேன்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஊசியோ, வேறு இடத்தில் ஊசியோ போட்டுவிட்டுத் தொடர்வார். பெரும்பாலானவர்களுக்கு மிச்சம் இருப்பது வலியே இல்லை, வாயைத் திறந்து வைத்திருக்கும் அலுப்புதான்.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். 1864-ல் இருந்து புழக்கத்தில் இருக்கும் சாதனம். மூச்சு முட்டுமோ என்று "அது வேண்டாம் டாக்டர்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள் என்பேன் நான். மூக்கால் மூச்சு விட ஒரு தடையும் இல்லை. உள்ளே ஊசி போன்ற சின்னஞ்சிறு அரங்கள் வேலை செய்கின்றன, அவற்றில் ஒன்று நழுவினால் தொண்டைக்குள் போகாமல் அந்த விரிப்புதான் தடுக்கும். எச்சில் வேருக்குள் இறங்காது. கிருமியைக் கொல்ல ஊற்றும் திரவம் நாக்கில் படாது. நீச்சல் குளத்து வாடை வந்தால் பயப்படாதீர்கள், அது பிளீச்சிங் திரவத்தின் வாடை.

"ஒரே சிட்டிங்கில் முடித்துவிடுவாரா?" என்பதை மட்டும் வைத்து டாக்டரைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய். மேல் கடைவாய்ப் பல்லில் பல நேரம் நான்கு, அதில் நான்காவது மயிரிழை மாதிரி ஒளிந்துகொண்டிருக்கும். ஒன்றை விட்டுவிட்டால் சில வருடம் கழித்துப் பல்லில் மறுபடி தொல்லை கிளம்புவதற்கு அதுவே காரணமாகும். சீழ் நிற்காத பல்லில் மருந்து வைத்துச் சில நாள் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். ஒரு சிட்டிங்கா மூன்றா என்பதைப் பல்தான் தீர்மானிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மரப்பு போகும்வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள். இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலி இருக்கும். "நரம்பைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?" என்று எல்லோரும் கேட்பதுதான். வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கும் எலும்புக்கும் சொந்தமாக நரம்பு உண்டு. அவை கொஞ்ச நாள் முனகும். ஆனால் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, வீக்கம் வந்தாலோ போன் செய்யுங்கள். அடைத்த பல் மட்டும் மற்ற பல்லுக்கு முன்னால் முட்டினாலும் அப்படித்தான். டாக்டர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார், பல்லில் எங்கே கறை படிகிறதோ அந்தத் துளி மேட்டைத் தேய்த்துவிடுவார். ஒரு நிமிட வேலை. அதற்குப் போகாமல் ஒரு பக்கமாகவே மென்று மாதக்கணக்கில் அனுசரித்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வலி இல்லை. மறுபடியும் அதே பொறி. முதல் சிட்டிங்கிலேயே வலி நின்றுவிட்டால் அடுத்ததற்குப் போகாமல் இருந்துவிடுகிறோம். மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. நாளாக ஆகத் தேயும், ஓரம் விடும், எச்சில் கசியும். சுத்தம் செய்த குழாய்களுக்குள் கிருமி திரும்பக் குடியேறும். இதைவிட மோசம், பல் பிளப்பது. சொத்தையை அகற்றி, நடுவில் குடைந்த பிறகு கடைவாய்ப் பல்லின் சுவர்கள் மெலிந்து நிற்கும். ஒருநாள் எதையோ கடிக்கும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கும். விரிசல் வேர்வரை நெடுக ஓடிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

அதனால்தான் பல்லை மேலே முழுதாக மூடும் உறையான கேப் போடச் சொல்கிறார்கள். அது கூடுதல் செலவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, நான் பார்த்தவரை, நல்ல ரூட் கெனாலையும் வீணாக்கும் தவறு. 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கேப் போடாத பற்கள் போட்டவற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. எல்லாப் பல்லுக்கும் கட்டாயம் என்றில்லை. அதிகம் சிதையாத முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஈறுக்கு மேலே கேப் பிடித்து நிற்க எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது?" மிகக் குறைவு என்றால் ரூட் கெனாலே வேண்டாம், எடுத்துவிடலாம் என்பது சரியான பதிலாக இருக்கலாம். "பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்ற அவசர முடிவு வேறு. பக்கத்துப் பல் காலியிடத்தில் சாயும், எதிர்ப் பல் இறங்கும்.

ரூட் கெனால் செய்தால் வேறு நோய்கள் வரும் என்ற வதந்திக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் செய்த பரிசோதனைகள்தான் மூலம். அவை பிழையான முறையில் செய்யப்பட்டவை என்று எப்போதோ தெரிந்துவிட்டது.

கேப் போட்ட பல்லிலும், அது ஈறைத் தொடும் ஓரத்தில் சொத்தை வரும். உள்ளே நரம்பு இல்லாததால் எச்சரிக்கை மணி அடிக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அதற்கும்தான். என் எக்ஸ்ரேயில் வேருக்குள் வெள்ளை நூல் மாதிரி அடைப்பு, அதன் நுனியில் முன்பு பயறு அளவு கறுப்பு நிழல். ஒரு வருடம் கழித்து அது பாதியாகச் சுருங்கியிருந்தது. எலும்பு மெதுவாகத்தான் நிரம்பும் என்றார் டாக்டர். வலியே இல்லையே என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த வருடத்துக்கும் தேதி எழுதிக் கொடுத்தார்.