சட்டக் கல்லூரியின் இணைய ஆவணகத்தில் தேடும் முறை

சட்டக் கல்லூரி ஒன்றின் இணைய ஆவணகத்தில் பெரும்பாலும் இரண்டு சேகரங்கள் இருக்கும். ஒன்றில் பேராசிரியர்களின் கட்டுரைகளும் கல்லூரி நடத்தும் சட்ட ஆய்விதழ்களும் இருக்கும். மற்றொன்றில் பாடத்திட்டக் கையேடுகள், பட்டமளிப்பு விழா நிரல்கள், முதல்வரின் ஆண்டறிக்கைகள், மாணவர் செய்தித்தாள், நிழற்படங்கள் ஆகியவை இருக்கும். ஒரே தேடுபெட்டியில் இரண்டும் அகப்படும் என்றாலும், இரண்டையும் தேடும் முறை வேறு.

முதலில் ஆய்விதழ்கள். அமெரிக்கச் சட்ட நூலக இயக்குநர்கள் 2008இல் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடி விவாதித்ததன் பயனாக 2009இல் வெளிவந்த டர்ஹாம் அறிக்கை, சட்டக் கல்லூரிகள் தம் இதழ்களை அச்சிடுவதை நிறுத்திவிட்டு, நிலையான, திறந்த மின்வடிவில் அனைவருக்கும் தர வேண்டும் என்று கோரியது. இன்று பல இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்க முடிவதில் இத்தகைய முயற்சிகளுக்குப் பங்குண்டு. கட்டுரையைத் திறந்ததும், அது அச்சான பதிப்பா, அதற்கு முந்தைய வரைவா என்று பாருங்கள். வரைவுக்கும் அச்சுக்கும் இடையே வாதமே மாறியிருக்கக்கூடும். பதிவேற்றிய நாளை வெளியான ஆண்டாக எழுதிவிடாதீர்கள். ஆவணகம் முன்னால் சேர்க்கும் அட்டைப் பக்கமும் கணக்கைக் குழப்பும்: கட்டுரை 193ஆம் பக்கத்தில் தொடங்கினால், கோப்பின் 2ஆம் பக்கமே 193, ஆகவே கோப்பின் 10ஆம் பக்கத்தில் உள்ள வரிக்கு 201 என்றே குறிப்பிட வேண்டும்.

மேற்கோளில் உலாவியின் முகவரியை ஒட்டாமல், ஆவணகம் தரும் நிலையான முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டு லா ரிவ்யூ முதலான இதழ்களில் மேற்கோளாகத் தரப்பட்ட இணைய முகவரிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, மூலத்தில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. சட்ட வாதம் மேற்கோளின் மேல் நிற்பது என்பதால் இந்த இழப்பு எனக்குப் பெரிய கவலை தருகிறது.

கல்லூரி வரலாற்றைத் தேடுவோருக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். பழைய செய்தித்தாள்களின் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுப்பது எழுத்துணரி மென்பொருள். மை பரவிய ஆங்கிலப் பக்கத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரு எழுத்துகள் ஒட்டிக்கொண்டால் அது 'எம்' என்று படித்துவிடும், அந்தப் பெயர் தேடலில் சிக்காது. எனவே குடும்பப் பெயர் கிடைக்காதபோது முதற்பெயர், பட்டம் பெற்ற ஆண்டு, விவாத மன்றத்தின் பெயர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். மாணவியர் பலர் திருமணத்துக்குப் பின் கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டிருப்பர். அவர்களை அந்தப் பெயரிலும் தேடாவிட்டால் கல்லூரியின் வரலாற்றில் பாதி விடுபட்டுப் போகும். கல்லூரியின் பழைய பெயர்களையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

தேடலை மட்டும் நம்பாமல், உங்களுக்கு வேண்டிய ஆண்டின் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிடுங்கள். எந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம், யார் நடத்தினார் என்பதை அடுத்தடுத்த ஆண்டுகளின் கையேடுகளோடு ஒப்பிட்டால், ஒரு பாடம் நுழைந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லையென்றால், தேடிய தொகுதியையும் ஆண்டையும் குறிப்பிட்டு ஆவணகப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். இன்னும் மின்வடிவம் பெறாத பெட்டிகள் அவரிடம் இருக்கக்கூடும்.