துபாயில் தொழில் தொடங்கப் போகிறவர்கள் பணத்தில் செய்யும் தவறுகள்

துபாயில் லைசென்ஸ் எடுப்பது இப்போது பெரிய வேலையில்லை. 2021 ஜூன் முதல் மெயின்லேண்ட் எனப்படும் பொதுவான பகுதியிலும் பெரும்பாலான தொழில்களுக்கு உள்ளூர்க்காரரின் 51 சதவீதப் பங்கு தேவையில்லை. தனிச் சலுகை விதிகள் உள்ள தொழில் மண்டலமான ஃப்ரீசோனில் அந்தக் கட்டாயம் முன்பே கிடையாது. ஏஜென்டிடம் பாஸ்போர்ட் நகலும் பணமும் கொடுத்தால் சில நாட்களில் கம்பெனி பதிவாகிவிடும். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் நம் ஊர்க்காரர்கள் பலர், மற்ற எல்லாமும் இதே வேகத்தில் நடந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். வங்கி அப்படி நடக்காது. வங்கிக்கு மூன்று கேள்விகள் உண்டு: இது யாருடைய பணம், எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது? இந்தியாவிலும் சரி, அமீரகத்திலும் சரி, இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இல்லாத பணம் பின்னால் தொல்லைதான் தரும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பதிலைத் தயார் செய்யாமல் கிளம்புவதால் வருபவை.

முதல் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஊரில் இருந்தபடியே, இந்திய கிரெடிட் கார்டைத் தேய்த்து லைசென்ஸ் கட்டணத்தையும் கம்பெனிப் பங்குக்கான பணத்தையும் கட்டிவிடுவார்கள். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு எடுப்பது, அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டப்படி வெளிநாட்டு முதலீடு. அதற்கென்று 2022 ஆகஸ்டில் தனி விதிகள் வந்துள்ளன. அங்கீகாரம் பெற்ற வங்கி மூலம் விண்ணப்பம் கொடுத்து, ரிசர்வ் வங்கியிடமிருந்து அந்த முதலீட்டுக்கு ஓர் அடையாள எண் பெற்று, அதன் பிறகு வங்கி வழியாகப் பணம் அனுப்புவதே முறை. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பது பலருக்கும் தெரியும். அதனால் வரம்புக்குள்தானே அனுப்புகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். தொகை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது, போன வழியும் சரியாக இருக்க வேண்டும்.

வரம்பு போதாதபோது மனைவி பெயரிலும் அப்பா பெயரிலும் அனுப்பி, எல்லாவற்றையும் தன் ஒருவர் பெயரில் உள்ள கம்பெனியில் போடுவது இன்னொரு பழக்கம். பங்குதாரராக இல்லாத குடும்பத்தினரின் வரம்பை முதலீட்டுக்குச் சேர்த்துக்கொள்ள அனுமதியில்லை. பெர்சனல் லோன் எடுத்து அதை முதலீடாக அனுப்புவதும் கூடாது. இத்தகைய அனுப்புதலுக்கு வங்கிகள் கடன் தரக்கூடாது என்றே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டிசிஎஸ் பிடித்தத்தையும் யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. முதலீட்டுக்காக அதற்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம். 40 லட்சம் அனுப்பினால் 30 லட்சத்துக்கு 6 லட்சம் தனியாகக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும். ஆனால் கடைக்கு ரேக் வாங்க வேண்டிய மாதத்தில் அந்த 6 லட்சம் கையில் இருக்காது. திட்டம் போடும்போதே அதை ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

ஊர்க் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போவது

எல்லோரும் செய்வது, அதனாலேயே யாருக்கும் தவறாகத் தெரியாதது இது. தொழில் செய்வதற்காக இந்தியாவை விட்டுக் கிளம்புபவர், ஃபெமா பார்வையில், கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாடு வாழ்பவர். அன்றிலிருந்து அவருடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓ கணக்காக மாற வேண்டும். வீட்டு வாடகை, டிவிடெண்ட், பழைய வைப்புநிதி வட்டி போன்ற இந்திய வருமானம் அதில் வரும். துபாயில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் செஸும் பிடித்துவிடுவார்கள். அதிலிருந்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று வரம்பு, வரி கட்டியதற்கான ஆடிட்டர் சான்றும் கேட்பார்கள்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. முதல் இரண்டு வருடம் எதுவும் ஆகாது. கடையை விரிவாக்க ஊரிலிருந்து பணம் வேண்டும் என்று வரும்போது சிக்கல் தெரியும். துபாயில் சம்பாதித்து அனுப்பியதும் ஊர் வாடகையும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடக்கும், எது எந்தப் பணம் என்று பிரித்துக் காட்ட வழியிருக்காது. தாராளமாகத் திரும்ப எடுத்திருக்கக்கூடிய உழைப்புப் பணத்துக்கும் சேர்த்து என்ஆர்ஓ விதிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளம்பும் வாரத்தில் வங்கிக் கிளைக்கு ஒருமுறை போனால் தவிர்த்துவிடக்கூடிய இழப்பு இது. பிபிஎஃப் கணக்கு வைத்திருப்பவர்கள் அதை முதிர்வு வரை தொடரலாம், பிறகு நீட்டிக்க முடியாது. வெளிநாடு போன பிறகு புதிதாகத் தொடங்கவும் முடியாது.

ஃபெமா ஒன்று, வருமான வரி வேறு

இரண்டும் இந்தியச் சட்டங்கள்தான் என்றாலும் ‘இங்கே வசிப்பவர் யார்’ என்பதற்கு இரண்டும் தரும் விடை ஒன்றல்ல. ஃபெமா கிளம்பும் நோக்கத்தைப் பார்க்கிறது. வருமான வரி நாட்களை எண்ணுகிறது. அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் நீங்கள் அந்த ஆண்டுக்கு இங்கே வசிப்பவர். செப்டம்பர் 28-க்குள் கிளம்பியவர் தப்பிப்பார். தீபாவளி முடிந்து கிளம்பினால், மார்ச் வரை துபாயில் வரும் வருமானத்தையும் இந்தியாவில் காட்ட வேண்டும். அங்கே திறந்த வங்கிக் கணக்கு, கம்பெனிப் பங்கு விவரங்களையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அமீரகம் 2018 முதல் வங்கிக் கணக்கு விவரங்களைப் பிற நாடுகளுடன் தானாகவே பரிமாறிக்கொள்கிறது.

குடும்பத்தையும் ஊர்த் தொழிலையும் தமிழ்நாட்டிலேயே வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை துபாய் போய்வருபவர்கள் தனி வகை. விசா கையில் இருப்பதால் மட்டும் இவர்கள் என்ஆர்ஐ ஆகிவிட மாட்டார்கள். துபாய்க் கம்பெனி இவர்களுக்கு வெளிநாட்டு முதலீடாகவே தொடரும், அதற்கான வருடாந்திர அறிக்கையை டிசம்பர் 31-க்குள் வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். இந்திய வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டும் இந்தியக் குடிமக்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவர் என்றால், இந்தியா அவரை இங்கே வசிப்பவராகவே எடுத்துக்கொள்ளும். அப்போது, திருச்சியில் உட்கார்ந்து நடத்தப்படும் துபாய்த் தொழிலின் வருமானமும் இந்திய வரிக்குள் வந்துவிடும். இந்த இரண்டு வகையினரும் கிளம்பும் முன் ஒரு நல்ல ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

லைசென்ஸ் வந்தால் கணக்கும் வந்துவிடும் என்ற நம்பிக்கை

துபாய்ப் பக்கம் வந்தால் ஆளை உலுக்குவது இதுதான். கம்பெனிக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகும், மாதங்கள் ஆவதும் உண்டு. அமீரக அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி, அலுவலக வாடகை ஒப்பந்தம், இந்தியாவில் ஆறு மாத வங்கி அறிக்கை, யாரிடம் வாங்கி யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்ற விவரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சப்ளையர்களோடு பேசிவைத்த விலைப்பட்டியல்கள், ஊரில் நடத்திய தொழிலின் ஜிஎஸ்டி பதிவு, வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஊரில் பதினைந்து வருடம் தொழில் செய்த அனுபவம் அங்குள்ள வங்கி அதிகாரிக்குத் தெரியாது. காகிதம்தான் அதைச் சொல்ல வேண்டும். உங்கள் சிபில் ஸ்கோரும் அங்கே எடுபடாது. அமீரகத்துக்குத் தனிக் கடன் தகவல் அமைப்பு இருக்கிறது, அங்கே உங்கள் வரலாறு வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கும்.

கணக்கு திறக்கும்வரை என்ன செய்வது? இந்த இடைவெளியில்தான் பலர் நண்பரின் கம்பெனிக் கணக்கில் விற்பனைப் பணத்தை வாங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பணம் சட்டப்படி நண்பருடையது. அவருடைய லைசென்ஸில் இல்லாத தொழிலுக்கான பணம் வந்தால் வங்கி அவர் கணக்கையும் கேள்வி கேட்கும். நட்பும் போகும், பணமும் முடங்கும். இதைவிட, விற்பனையே இல்லாமல் ஆறு மாத வாடகை, சம்பளம், விசாச் செலவு தாங்கும் அளவுக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது. வங்கி கேட்கும் மினிமம் பேலன்ஸையும் அந்த ஆறு மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது செலவழிக்க முடியாத பணம். கணக்கு வந்த பிறகு, வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் கம்பெனிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்ட வேண்டாம். உங்களுக்கென்று ஒரு சம்பளம் வைத்து, அதைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிச் செலவு செய்யுங்கள். லைசென்ஸும் எமிரேட்ஸ் ஐடியும் காலாவதியானால் வங்கி பரிவர்த்தனையை நிறுத்திவிடும் என்பதால் புதுப்பிக்கும் தேதிகளைக் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்.

செக் புத்தகம்

துபாயில் கடை வாடகை முதல் சரக்கு வரை பின்னால் வரப்போகும் தேதி போட்ட செக்கில்தான் ஓடுகிறது. 2022 ஜனவரியில் சட்டம் மாறியதிலிருந்து, பணம் போதாமல் செக் திரும்பினாலே ஜெயில் என்ற நிலை இல்லை. இதைக் கேட்டுவிட்டு, செக் என்பது இப்போது சாதாரண விஷயம் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஆபத்தான பேச்சு. கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அதையாவது வங்கி கொடுத்தாக வேண்டும். மீதிக்கு, திரும்பிய செக்கையே வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் வழக்கு நடத்தாமல் நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். பயணத் தடை வரலாம், கணக்கு முடக்கப்படலாம். வேண்டுமென்றே கணக்கை மூடுவது, முறையற்றுப் பணத்தை நிறுத்தச் சொல்வது, கையெழுத்தை மாற்றிப் போடுவது இன்றும் குற்றம்தான்.

முடியாவிட்டால் ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு யாரும் செக்கில் கையெழுத்துப் போட வேண்டாம். 2020 ஜனவரியில் இந்தியா வெளியிட்ட அறிவிப்பின்படி, அமீரக நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றங்கள் மூலம் நிறைவேற்றலாம். ஊரில் உள்ள வீடும் நிலமும் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தொகை எழுதாத ‘செக்யூரிட்டி செக்’ கேட்டால், கூடிய மட்டும் மறுத்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாதென்றால் தொகையும் காரணமும் எழுதிய ஒப்பந்தம் கையில் இருக்கட்டும், கணக்கு முடிந்ததும் செக்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

‘துபாயில் வரியே இல்லை’

சம்பளத்துக்கு இல்லை. தொழிலுக்கு உண்டு. 2018 ஜனவரி முதல் 5 சதவீத வாட் இருக்கிறது. ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய நிதியாண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 9 சதவீதக் கம்பெனி வரி. விற்பனை 30 லட்சம் திர்ஹத்துக்குள் உள்ள சிறு தொழில்களுக்கு 2026 கடைசி வரை சலுகை உண்டு. ஆனால் அது தானாக வராது, கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டுப் பெற வேண்டும். வரியே வராத கம்பெனியும் பதிவு செய்தாக வேண்டும். புதிய கம்பெனிக்குத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம், தவறினால் 10,000 திர்ஹம் அபராதம். ஃப்ரீசோன் என்றால் பூஜ்ய வரி என்று ஏஜென்ட் சொல்வதும் பாதி உண்மைதான். நிபந்தனைகளுக்கு உட்பட்ட வருமானத்துக்கு மட்டுமே அது, தணிக்கை செய்த கணக்கும் வேண்டும். முதல் பில் போடும் நாளிலேயே ஒரு கணக்காளரை வைத்துக்கொள்வது செலவாகத் தெரியும், அபராதத்தோடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

உண்டியல்

ரேட் நன்றாகக் கிடைக்கிறது, ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலில் பணம் வந்துவிடுகிறது என்று, வங்கிக்கு வெளியே சட்டவிரோதமாகப் பணம் அனுப்பும் உண்டியல்காரரிடம் போகிறவர்கள் தெரிந்தேதான் போகிறார்கள். சட்டப்படி அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம் என்பதும் பலருக்குத் தெரியும். அவர்கள் யோசிக்காதது வேறொன்று. அப்படி வந்த பணத்துக்கு எந்தக் காகிதமும் இருக்காது. பத்து வருடம் உழைத்து அனுப்பிய பணத்தில் மனைவி பெயரில் வீடு வாங்கும்போது, வருமான வரி அதிகாரி ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் உழைத்தது என்று நிரூபிக்க ஒரு ரசீது இருக்காது. நேர்மையாகச் சம்பாதித்த பணத்தைக் கறுப்புப் பணமாக்கிக்கொள்வதைப் பார்த்தால் மனது ஆறவில்லை. ரேட்தான் கவலையென்றால், ஒன்றைக் கவனியுங்கள். திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாக இருக்கிறது, அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது டாலருக்கு ரூபாய் எப்படி நகர்கிறது என்பதை. எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களை ஒப்பிடும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஆயிரம் திர்ஹம் கொடுத்தால் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும் என்று கேளுங்கள். கட்டணமே இல்லை என்பவர்கள் பெரும்பாலும் ரேட்டில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கிளம்பும் முன் ஊரில் செய்துவைக்க வேண்டிய சின்ன வேலைகளும் உண்டு. வங்கியில் பதிவான மொபைல் எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துவிட்டால் ஓடிபி வராது, அதைச் சரிசெய்ய விமான டிக்கெட் போட வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் தவணையும் இன்சூரன்ஸ் பிரீமியமும் எந்தக் கணக்கிலிருந்து போகின்றன என்று பார்த்து, கணக்கு என்ஆர்ஓ ஆன பிறகும் அவை போகின்றனவா என்று ஒரு மாதம் கவனியுங்கள். நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுப்பதை ஊரிலேயே முடித்தால் தூதரக வரிசை மிச்சம்.

இதில் சிலவற்றை ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் பயந்து பேசாமல் இருந்துவிட வேண்டாம். கணக்கை இப்போதும் என்ஆர்ஓவாக மாற்றலாம். கொடுக்காமல் விட்ட முதலீட்டு அறிக்கைகளைத் தாமதக் கட்டணத்தோடு கொடுக்க வழியிருக்கிறது. ஃபெமா மீறல்களில் பெரும்பாலானவற்றை ரிசர்வ் வங்கியிடம் தாமாகவே போய்ச் சொல்லி, தொகை கட்டி முடித்துக்கொள்ளும் நடைமுறையும் உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு போவதைவிட இப்போது போவது செலவிலும் நிம்மதியிலும் எவ்வளவோ மேல். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, முதல் வேலை நாளில் பாஸ்போர்ட்டையும் விசா நகலையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.