எழுத்தை நம்பிப் பிழைக்க நினைப்பவர்களுக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். புத்தகம் 200 ரூபாய், ராயல்டி வழக்கமான 10 சதவீதம், 500 பிரதி விற்றது என்று வைத்துக்கொண்டால் எழுதியவர் கைக்கு வருவது 10,000 ரூபாய். ஒரு பதிப்பு என்றால் 1,000, 1,200 பிரதி என்றிருந்த காலம் போய், தேவைப்படும்போது 100, 200 என்று அச்சடித்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டதால் இன்றைக்கு 500 விற்பதே நல்ல விற்பனைதான். இரண்டு வருட உழைப்புக்கு இது சம்பளம் ஆகாது. ஆனால் இதைக் காட்டி "எழுத்தெல்லாம் சோறு போடாது" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராயல்டி போடாது, சரி. எழுதத் தெரிந்தவருக்கும் அடுத்தவர் எழுத்தைச் செப்பனிடத் தெரிந்தவருக்கும் சோறு போடும் வேலைகள் தமிழில் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பிடிப்பது, பிடித்தபின் எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதைச் சொல்கிறேன்.

நம் எழுத்தாளர்கள் இரண்டு வழியிலும் வாழ்ந்திருக்கிறார்கள். சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர், சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில் இருந்தார், இமையம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். இவர்களுக்கு எழுத்து வேறு, சம்பளம் வேறு. பாரதியும் புதுமைப்பித்தனும் மற்ற வகை. பாரதி 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார், புதுமைப்பித்தன் தினமணி, தினசரி என்று பத்திரிகை மேசையில் உட்கார்ந்து கடைசியில் சினிமா வசனத்துக்குப் போனார். முதல் வழிக்கு என் யோசனை தேவையில்லை, நல்ல வேலை கிடைத்தால் விடாதீர்கள், அவ்வளவுதான். மீதி எல்லாம் இரண்டாம் வழிக்காரர்களுக்கு.

கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். பதிப்பகமானாலும் பத்திரிகையானாலும் விளம்பர நிறுவனமானாலும் இந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது, நன்றாகச் செய்பவர்கள் குறைவு. எப்படிக் கற்பது? இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கப் போனால் நடுவில் நின்றுவிடும். அதிகமாக வரும் பிழைகளை முதலில் பிடியுங்கள். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், அந்தக் கடை, இந்தச் சட்டம். வீட்டை, கதவை என்று ஐ உருபோடு முடியும் சொற்களுக்கும் அப்படியே, வீட்டைக் கட்டினார், கதவைத் திறந்தார். இந்த இரண்டை மட்டும் சரியாகப் பார்த்தாலே ஒரு பக்கத்தின் ஒற்றுப்பிழைகளில் பெரும்பங்கு போய்விடும். அடுத்தது எழுவாய்க்கும் பயனிலைக்கும் ஒட்டாத வாக்கியம். நீளமான செய்தியில் "அரசு" என்று தொடங்கி "அறிவித்துள்ளனர்" என்று முடிந்திருக்கும், வாக்கியத்தின் இரண்டு முனைகளையும் மட்டும் சேர்த்துப் படித்தால் உடனே கண்ணில் படும்.

எழுத்துரு மாற்றத்தில் வரும் பிழைகள் தனி. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் சிதறும். மாற்றாமல் நேரடியாக அடித்ததிலும் "கௌரவம்" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும் சேர்ந்து "கெளரவம்" என்று நிற்கும். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மின்நூலில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. எ என்ற எழுத்துக்குப் பதிலாக ஏழு என்பதைக் குறிக்கும் தமிழ் எண் (௭) உட்கார்ந்திருப்பதும் உண்டு. கண்ணை நம்பாமல் கணினியில் தேடிப் பார்த்து மாற்றுபவருக்குத்தான் அடுத்த புத்தகம் வரும்.

மெய்ப்பிலிருந்து எடிட்டிங்குக்குப் போவது அடுத்த படி. தமிழில் இந்த வேலைக்கு இன்னும் உரிய மதிப்பு வரவில்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 2020-இல் இறக்கும்வரை பிரதியைச் செம்மையாக்குவதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்ததே, ஆனால் பிரதியை வாங்கி நேராக அச்சுக்கு அனுப்பும் இடங்கள்தான் இன்றும் அதிகம். எடிட்டிங் செய்ய நினைப்பவர் கையெழுத்துப் பிரதியை முதல்முறை படிக்கும்போது பேனாவைத் தொடக்கூடாது. முழுவதும் படித்துவிட்டு, எங்கே இழுக்கிறது, எங்கே அவசரமாக ஓடுகிறது, எந்த அத்தியாயம் தேவையில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியரோடு பேசுங்கள். அது முடிவான பிறகே வாக்கியத்தில் கைவைக்கவேண்டும், இல்லையென்றால் நாளைக்கு வெட்டப்போகும் அத்தியாயத்துக்கு இன்றைக்கு ஒற்றுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சொல்லொழுங்குத் தாள் வைத்துக்கொள்வது அவசியம். ஃபேஸ்புக்கா பேஸ்புக்கா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, எண்களை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா என்று முதல் இருபது பக்கத்திலேயே முடிவெடுத்துக் குறித்துவையுங்கள். சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். 1992-இல் வந்தது, 2020-இல் மூன்றாம் பதிப்பு, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்லும். ஆசிரியரின் நடையை உங்கள் நடையாக மாற்றாதீர்கள். கரிசல் பேச்சில் எழுதியவரிடம் போய் பொதுத்தமிழ் கேட்பது எடிட்டிங் இல்லை.

பத்திரிகை மேசை வேறு வகை. அங்கே வேகம்தான் எல்லாம், வந்த செய்தியை இருக்கிற இடத்துக்குள் சுருக்கி, தலைப்புப் போட்டு, நேரத்துக்குள் விடவேண்டும். படிக்கிற காலத்திலேயே உள்ளே நுழைய விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் போன்ற வாய்ப்புகள் உண்டு.

டிவி தொடருக்கு வசனம் எழுதினால் பணம் எபிசோடு கணக்கில் வரும், ஆனால் படப்பிடிப்பு நாளன்று காலையில்கூட காட்சியை மாற்றிக் கேட்பார்கள், அந்த வேகம் எல்லோருக்கும் ஒத்துவராது. டப்பிங் வசனத்தில் அர்த்தத்தோடு உதட்டையும் பார்க்கவேண்டும், நடிகரின் உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழுந்தாகவேண்டும். நல்ல காது உள்ளவர்களுக்கு இது அருமையான வேலை.

மொழிபெயர்ப்புக்கு முன்பைவிட இப்போது இடம் அதிகம். 2023-இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் அதன் மொழிபெயர்ப்பு நல்கையும் (நிதியுதவி) தமிழிலிருந்து வெளியே போகவும் வெளியிலிருந்து தமிழுக்கு வரவும் வழி திறந்திருக்கின்றன. வேலையை ஏற்குமுன் மூலநூலின் உரிமையைப் பதிப்பாளர் வாங்கிவிட்டாரா என்று எழுத்தில் கேளுங்கள். இப்போது இன்னொன்றும் நடக்கிறது. இயந்திரம் மொழிபெயர்த்த கோப்பை அனுப்பி "சும்மா ஒருமுறை பார்த்துக் கொடுங்க" என்பார்கள். பத்துப் பக்கம் வாங்கிச் செய்துபார்க்காமல் விலை சொல்லாதீர்கள், பெரும்பாலும் அது திரும்ப எழுதும் வேலையாகத்தான் இருக்கும், அதற்குரிய கூலியைக் கேளுங்கள்.

விலை சொல்வதற்கு எளிய முறை இதுதான். பத்துப் பக்கம் செய்து நேரத்தைக் குறியுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனால் 240 பக்கத்துக்கு 36 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று முடிவுசெய்து பெருக்குங்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றிச் சொல்லுங்கள். எத்தனை சுற்று மெய்ப்பு இதில் அடங்கும் என்பதையும், பக்க வடிவமைப்புக்குப் பிறகு பார்ப்பதற்குத் தனிக் கூலியா என்பதையும் முன்பே பேசிவிடவேண்டும். முன்பணம் கேட்கத் தயங்காதீர்கள். உரிமைப் பக்கத்தில் உங்கள் பெயர் வரவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் கடைசி மூன்று மாதம் பதிப்பகங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. வேலை கேட்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போங்கள், டிசம்பரில் போனால் உங்கள் மாதிரிப் பக்கத்தைப் படிக்கக்கூட ஆள் இருக்காது.

எழுதுபவர்கள் அதிகம் இழப்பது ஒப்பந்தத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி உரிமையை இன்னொருவருக்கு மாற்றித்தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், வாய்ப்பேச்சில் மாறாது. எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் போடாவிட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த எல்லைக்குள் என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும். இந்தக் கடைசி விஷயம் தெரியாததால் எத்தனையோ கையெழுத்துப் பிரதிகள் பதிப்பக அலமாரிகளில் சும்மா கிடக்கின்றன. "சகல உரிமைகளும்" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு அச்சு, மின்நூல், ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்குப் போகும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் எழுதியவரிடமே இருக்கும். அதனால் தொடராக வந்ததை நூலாக்குமுன் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

வேலை முடிந்த அன்றே பில் அனுப்புங்கள், தேதியோடு. பணம் தரும் நிறுவனம் டிடிஎஸ் என்று, அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியாக, பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவது உண்டு. பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் திரும்ப வங்கிக்கே வந்துவிடும்.