கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை மறுஆய்வு செய்வது எப்படி?

ஒரு நாட்டின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை மறுஆய்வு செய்ய அமரும் குழு, எந்தப் பரிசோதனைக்கு மாறுவது என்ற விவாதத்தைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, அண்மையில் இந்நோய் உறுதியான பெண்களின் பழைய பதிவேடுகளை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. அவர்களுள் யார் பரிசோதனைக்கே வராதவர், யார் வந்தும் 'இயல்பு' என்ற முடிவோடு திரும்பியவர், யார் மாற்றம் தெரிந்த பின்னும் கால்போஸ்கோபிக்கோ (கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் சோதனை) சிகிச்சைக்கோ போய்ச் சேராதவர் என்று பிரித்துவிட்டால், பழுது எங்கே என்பது தெரிந்துவிடும். முதல் வகையினர் மிகுந்தால் அழைப்பு முறையையும், இரண்டாம் வகையினர் மிகுந்தால் பரிசோதனையையும் ஆய்வகத் தரத்தையும், மூன்றாம் வகையினர் மிகுந்தால் தொடர் கண்காணிப்பையும் திருத்த வேண்டும்.

செய்த பரிசோதனைகளின் மொத்த எண்ணிக்கையை நம்பக் கூடாது. ஒரே பெண் ஆண்டுதோறும் வந்தாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். உரிய வயதினரில் கருப்பைவாய் அகற்றப்பட்டவர்களைக் கழித்து, எஞ்சியோரில் எத்தனை பேர் குறித்த இடைவெளிக்குள் ஒருமுறையேனும் பரிசோதிக்கப்பட்டனர் என்று கணக்கிட வேண்டும்.

பரிசோதனையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2021இல், இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைக் கண்டறியும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்து, பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யலாம் என்றது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதில் தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2017 டிசம்பரில் இம்முறைக்கு மாறிய ஆஸ்திரேலியா, தாமே மாதிரி எடுக்கும் வாய்ப்பை 2022 ஜூலை முதல் தகுதியுள்ள எல்லோருக்கும் திறந்துவிட்டது. பரிசோதனைக்கே வராதவர்கள் மிகுந்த நாடுகள் இந்த வாய்ப்பைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும்.

மாற்றத்தின் முதல் சுற்றில் கால்போஸ்கோபிக்கு அனுப்பப்படுவோர் கூடுவர் என்பதால், அதற்கான இடமும் ஆளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். வரிசை நீண்டுவிட்டால் நுட்பமான பரிசோதனையாலும் பயனில்லை. அபாயம் மிகுந்த எச்.பி.வி. 16, 18 வகைகள் கண்டவர்களை நேரடியாக அனுப்பி, பிற வகையினருக்கு முதலில் செல் ஆய்வு (கருப்பைவாய்ச் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தால் சுமை ஓரளவு குறையும்.

இடைவெளியை நீட்டுவதற்கான காரணத்தைப் பெண்களுக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். 2022 ஜனவரியில் வேல்ஸ், 25 முதல் 49 வயதினருக்கான இடைவெளியை 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. போதிய விளக்கம் தராததற்காக அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு மன்னிப்புக் கேட்டது. எச்.பி.வி. இல்லை என்ற முடிவு செல் ஆய்வின் 'இயல்பு' முடிவைவிட நீண்ட காலத்துக்கு நம்பத்தக்கது என்பதையும், இடையில் இரத்தப்போக்கு போன்ற அறிகுறி தென்பட்டால் அடுத்த அழைப்புக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அழைப்புக் கடிதத்திலேயே எளிய சொற்களில் அச்சிட வேண்டும்.